குறியிடும் மென்பொருளும் யாழ்ப்பாணத் தமிழும்

ஒரு மொழியின் வாக்கியங்களைக் கணினி செவ்வனே பகுக்கின்றதா எனச் சோதிப்பதற்கு, மனிதரால் இலக்கணக் குறியீடு இடப்பட்ட பனுவல் அளவுகோலாக வேண்டப்படுகின்றது. அவ்வளவுகோலை ஆக்குவதற்குத் துணைபுரிவனவே பிராற், இன்செப்ஷன் முதலிய குறியிடும் மென்பொருள்கள்.

இவற்றின் செயன்முறை எளியது. திரையில் தோன்றும் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆய்வாளர் அதன் வகையைக் குறிக்கின்றார். எச்சொல் எதனைச் சார்ந்தது என்பதைக் கோடிட்டு இணைக்கின்றார். ஒரே பனுவலை இருவர் தனித்தனியே குறியிடுவர். அவர்தம் உடன்பாடு எத்துணையது என்பதை, ஜேக்கப் கோகன் 1960 இல் வகுத்த கப்பா போன்ற அளவைகளாற் கணிப்பர். முரண்பட்ட இடங்கள் பின்னர் ஆராய்ந்து தீர்க்கப்படும். எனவே, மென்பொருள் இலக்கணத்தை வகுப்பதில்லை. குறியீட்டு நெறியை ஆக்கியோரின் இலக்கணக் கொள்கையே அதன்வழிச் செயற்படுகின்றது.

யூனிவேர்சல் டிப்பென்டன்சிஸ் என்னும் பன்னாட்டுத் திட்டம் எல்லா மொழிகளுக்கும் 17 சொல்வகைகளை வகுத்துள்ளது. தொல்காப்பியர் கொண்டவையோ பெயர், வினை, இடை, உரி என நான்கே. இத்திட்டத்தில் தமிழுக்கு இரு தொகுப்புகள் குறிப்பிடத்தக்கன. பிராக் நகரின் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி உருவாக்கியது 600 வாக்கியங்களைக் கொண்ட செய்தித் தொகுப்பு. மற்றையது, தோமஸ் லேமன் எழுதிய இக்கால எழுத்துத் தமிழிலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளைத் தழுவிய 534 வாக்கியங்களைக் கொண்டது. பின்னதன் ஆக்கத்திலும், தமிழிமோர்ப் என்னும் உருபனியற் பகுப்பியின் ஆக்கத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்வேஸ்வரனின் பங்கு பெரிது.

எனினும், இவ்விரு தொகுப்புகளும் எழுத்துத் தமிழைச் சார்ந்தவை. "நான் நேற்று வந்தனான்" என்பது யாழ்ப்பாணத்தில் இயல்பான வாக்கியம். 'வந்தனான்' வடிவத்தால் வினையாலணையும் பெயரை ஒத்தது. ஆயினும் 'வந்தவனை' என்பதுபோல 'வந்தனானை' என வேற்றுமையுருபு ஏற்பதில்லை. வேற்றுமை ஏலாதது பெயராகுமா? பயன்பாட்டை நோக்கின் அது முற்றுவினையே. அவ்வாறே 'உது', 'உவன்' என்னும் உகரச்சுட்டு இங்கு உயிர்வழக்காய் நிற்கின்றது. தமிழகப் பேச்சில் அது வழக்கொழிந்தது. இத்தகைய வடிவங்களுக்கு இடமில்லாத அளவுகோலைக் கொண்டு பயிற்றப்பட்ட கருவி, மக்களின் வழக்கைப் பிழையென்றே கொள்ளும். ஒரு வழக்கே தமிழெனவும் ஏனையவை வழுவெனவும் கொள்ளும் பழைய மனப்பான்மை, இவ்வாறு இயந்திரத்தின் வாயிலாக மீண்டும் நிலைபெறக்கூடும்.

ஆதலின், யாழ்ப்பாண வழக்குக்கான குறியீட்டு நெறி முதலில் வகுக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு பனுவலுக்கும் அதன் வட்டாரம், காலம், பேச்சா எழுத்தா என்பன பதியப்படல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து எழுத்துகள் பெருமளவிற் சேர்ந்துள்ளன. பேச்சு வழக்கைக் களத்திற் சென்றே திரட்டுதல் வேண்டும். மென்பொருள் ஏற்கெனவே கைக்கெட்டியுள்ளது. எஞ்சியுள்ளது மொழியியலாளரும் கணினியியலாளரும் ஒரே மேசையிலமர்ந்து, 'வந்தனான்' என்பதற்கு எக்குறியீடு இடுவது என முடிவு காணும் பணியேயாகும்.