கடைப் பெயரோடு ‘சிதம்பரம்’ சேர்த்தால் பதிவு கிடைக்குமா? பெயர் வைப்பதற்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கடலூரில் முந்திரி பாக்கெட் போட்டு விற்கிறீங்க, இல்ல சிதம்பரத்தில் டிபன் சென்டர் நடத்துறீங்கன்னு வைச்சுக்குவோம். வியாபாரம் சூடு பிடிக்குது. ஆடிட்டர் ‘கம்பெனியா பதிவு பண்ணிடலாம்’ என்கிறார். போர்டு எழுதியாச்சு, கவர் அச்சடிச்சாச்சு, ஜிஎஸ்டியும் அந்தப் பெயரில்தான் இருக்கு. விண்ணப்பம் போட்டா, ‘இந்தப் பெயரைத் தர முடியாது’ன்னு திரும்பி வருது. அச்சடிச்ச கவர் எல்லாம் என்ன ஆகும்?

ஜிஎஸ்டி பெயரும் உத்யம் சான்றிதழும் இருந்தால் பெயர் நமக்குச் சொந்தம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பதிவுகளில் உங்கள் பெயரில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஒரே கடைப் பெயரில் கடலூர் முதுநகரில் ஒருவரும், திருப்பாதிரிப்புலியூரில் இன்னொருவரும் ஜிஎஸ்டி வாங்க முடியும். சோதனை தொடங்குவது கம்பெனி பதிவிலும் டிரேட்மார்க் பதிவிலும்தான்.

ஊர் பெயர் சேர்த்தால் போதுமா?

போதாது. நம்ம பக்கம் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

‘பூங்காற்று ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட்’ என்று ஒரு கம்பெனி கோவையில் ஏற்கெனவே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் ‘பூங்காற்று ஃபுட்ஸ் சிதம்பரம் பிரைவேட் லிமிடெட்’ என்று கேட்டால், கம்பெனிகள் விதிகளின்படி இரண்டும் ஒன்றே. 2014-ம் ஆண்டு விதிகளில் 8-வது விதி இதைப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. ஊர் பெயர் சேர்ப்பது, எண் சேர்ப்பது, ஒருமையைப் பன்மை ஆக்குவது, வார்த்தைகளை முன்பின்னாக மாற்றுவது, நடுவில் இடைவெளியோ புள்ளியோ வைப்பது, கடைசியில் ‘டாட் காம்’ போடுவது எதுவுமே புதுப் பெயராகக் கணக்கில் வராது. பழைய கம்பெனி ‘ஆட்சேபம் இல்லை’ என்று போர்டு தீர்மானம் போட்டுக் கொடுத்தால்தான் வழி உண்டு.

எழுத்துக்கூட்டலை மாற்றுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ கூடுதலாகப் போடுவது நம்ம ஊரில் சகஜம். ராசிக்கு அது உதவுமோ என்னவோ, பதிவுக்கு உதவாது. காதுக்கு ஒரே மாதிரி கேட்டால் ஒரே பெயர்தான்.

அப்போ வெறும் ஊர் பெயர்? ‘சிதம்பரம் லிமிடெட்’ என்று கேட்டாலும் கிடைக்காது. நகரம், மாநிலம், நாட்டின் பெயர் மட்டும் கொண்ட கம்பெனிப் பெயர் கூடாது என்பதற்கு விதியே ‘மைசூர் லிமிடெட்’, ‘ஹரியானா லிமிடெட்’ என்று உதாரணம் தருகிறது. சரக்கின் பெயர் மட்டும் இருந்தாலும் இதே கதை. ‘முந்திரி ஏற்றுமதி லிமிடெட்’ என்பது பொதுப்பெயர். அதன் முன்னால் உங்களுக்கே உரிய ஒரு சொல் வேண்டும்.

அம்பாளா, ஆண்டாளா?

சாமி பெயர் வைப்பவர்கள் இந்த வழக்கைத் தெரிஞ்சுக்கணும். சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ மூக்குப்பொடி பிரபலம். இன்னொரு வியாபாரி ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயர் கொண்ட மூக்குப்பொடி லேபிளை டிரேட்மார்க்காகப் பதிய விண்ணப்பித்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1969-ல் தீர்ப்பு வந்தது.

அம்பாள் சிவனின் துணைவி, ஆண்டாள் வைணவ அடியார். தமிழ் தெரிந்தவர் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார் என்பதுதான் வாதம். நடராஜரும் கோவிந்தராஜப் பெருமாளும் ஒரே கோயிலில் இருக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றம் ஒலியைப் பார்த்தது. கடையில் வாய்வழியாகக் கேட்டு வாங்கும்போது இரண்டும் ஒன்றாகவே காதில் விழும், எனவே வாங்குபவர் ஏமாற வாய்ப்பு உண்டு என்று சொல்லி ‘ஆண்டாள்’ பதிவை மறுத்துவிட்டது. படம், கலர், லேபிள் டிசைன் வேறாக இருந்தும் உதவவில்லை.

‘ராயல்’, ‘கிங்’ வைக்கலாமா?

ரெண்டு மூணு பேர் சேர்ந்து பார்ட்னர்ஷிப்பாகப் பதிய நினைத்தால் அது மாவட்டப் பதிவாளர் அலுவலக விஷயம். இங்கே 1932-ம் ஆண்டு சட்டம் நடக்கிறது. அதன் 58-வது பிரிவில் ‘கிரவுன்’, ‘எம்பரர்’, ‘இம்பீரியல்’, ‘கிங்’, ‘குயின்’, ‘ராயல்’ போன்ற சொற்களை மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வைக்கக்கூடாது என்று இருக்கிறது. ராஜா ராணி ஆட்சி போனாலும் விதி போகவில்லை. கடலூர் இம்பீரியல் சாலையில் கடை வைத்து, சாலையின் பெயரையே பார்ட்னர்ஷிப்புக்கு வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் நிலைமை!

அரசு ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் சொற்கள், காந்தி, நேரு பெயர்கள் ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. கம்பெனிப் பெயரில் ‘நேஷனல்’, ‘போர்டு’, ‘கமிஷன்’ வேண்டும் என்றால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை. ‘பேங்க்’, ‘இன்சூரன்ஸ்’, ‘நிதி’ போன்ற சொற்களை அந்தந்தத் துறைக்கான நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களே வைக்க முடியும்.

சரி, எப்படித் தேடுவது?

மத்திய கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர்களைத் தேடலாம். அடுத்து டிரேட்மார்க் துறையின் பொதுத் தேடல். இரண்டும் இலவசம், மொபைலிலேயே பார்க்கலாம். டிரேட்மார்க் தேடலில் ஒலி ஒற்றுமை பார்க்கும் வசதி தனியாக இருக்கிறது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்க. ‘தில்லை’யை ஆங்கிலத்தில் ‘ஹெச்’ போட்டும் போடாமலும் எழுதுகிறார்கள், ரெண்டையும் தேடுங்க. உங்கள் பொருளின் வகுப்பு எண்ணும் தெரிய வேண்டும். பதப்படுத்திய முந்திரிக்கு 29, இனிப்புக்கு 30, ஹோட்டலுக்கு 43.

கம்பெனி என்றால் ‘ஸ்பைஸ் பிளஸ்’ படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு பெயர்கள் கொடுக்கலாம். தனியாகப் பெயருக்கு மட்டும் விண்ணப்பித்தால் கட்டணம் 1,000 ரூபாய். ஒப்புதல் வந்தால் பெயர் 20 நாட்களுக்கு உங்களுக்காக ஒதுக்கப்படும், அதற்குள் மற்ற ஆவணங்களைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது பெயரை ஏனோதானோ என்று எழுதாதீங்க, பல சமயம் கிடைப்பது அதுதான்.

கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. பதிவான டிரேட்மார்க் வைத்திருப்பவர் கம்பெனி தொடங்கிய 3 ஆண்டுகளுக்குள் ஆட்சேபிக்க முடியும். அவர் பக்கம் உத்தரவு வந்தால் 3 மாதத்தில் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அரசே ஒரு பெயர் கொடுத்துவிடும். ‘உத்தரவு பின்பற்றப்படவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த பெயர் அது. போர்டில் எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசிச்சுக்குங்க.

அதனால் கம்பெனியாக இருந்தாலும் தனிநபர் கடையாக இருந்தாலும் டிரேட்மார்க் விண்ணப்பத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருந்தாலும், விண்ணப்பத்தைக் கடலூரிலிருந்தே அனுப்பலாம்.