தோட்டப் பாடசாலையும் பெற்றோர் செவியும்

ஊர் கூடினால் தேர் நகரும் என்பர். ஆயின், வடம் பிடிக்கும் நாளையும் நேரத்தையும் ஊருக்கு அறிவியாது விட்டுக் கூடாத ஊரைக் குறை கூறுதல் நீதியாகுமா? பாடசாலை என்னும் தேருக்கும் இது பொருந்தும். “பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை, பிள்ளைகளின் கல்வியில் அவர்களுக்கு அக்கறையில்லை” என்னும் சொல்லை மலையகத்திலே அடிக்கடி கேட்கின்றோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னவர்களே. அச்சொல் எத்துணைப் பிழையானது என்பதைக் கல்லூரி அன்னையின் விழா மலர் வாயிலாக விளக்க விழைகின்றோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே 1888ஆம் ஆண்டில் தோன்றிய சைவ பரிபாலன சபையும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் பாடசாலைகளை வளர்த்தன. அவற்றுக்குப் பொருளும் உழைப்பும் உதவியோர் ஊர்மக்களே. கொடுத்தவர்க்குக் கேட்கும் உரிமை இருந்தது. பெற்றவர்க்குச் சொல்லும் கடமை இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறிய பின்னரும், ‘இது எங்கள் பள்ளிக்கூடம்’ என்னும் உணர்வு ஊரை விட்டு நீங்கவில்லை.

தோட்டப் பாடசாலையின் பிறப்போ வேறு. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. பாடசாலை துரையுடையது, ஆசிரியர் துரையின் ஊழியர். பெற்றோரைக் கலந்து ஆராயும் சபை ஒன்று அங்கே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. அரசிடமும் முறையிட வழியற்றுப் போனார்கள். 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் முழுப் பயனும் தோட்டத்தை எட்டவில்லை. 1977 முதலே அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆகவே, மேலிருந்து கட்டளை வரும், கீழிருந்து கேள்வி போகாது என்னும் பழக்கம் தலைமுறைகளாக ஊறியது. பெற்றோரின் மௌனம் அக்கறையின்மை அன்று. அஃது அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடமே.

இன்று ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதிபர் தலைவர், பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் உறுப்பினர். 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் பெற்றோர்க்கும் பழைய மாணவர்க்கும் திட்டமிடுதலிலும் இடமளித்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வருக என்று அழைக்கும் மொழியே குறைபாடு உடையதாக இருக்கின்றது.

இதற்கு எமது பிழையையே சான்றாகக் கூறுவோம். வட்டவளையைக் கடந்த புகையிரதம் அட்டனை அடையுமுன் நிற்கும் சிறு நிலையமே றொசல்ல. அப்பகுதியிலே ஐந்தாம் ஆண்டுவரை மட்டும் வகுப்புகளுள்ள ஒரு பாடசாலையில் நாம் முன்னர்ப் பணிபுரிந்தோம். ஆறாம் ஆண்டுக்கு வேறு பாடசாலையிற் சேர, குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். அவ்வறிவித்தலை எழுதியவர் நாமே. தமிழாசிரியர் அல்லவா? ஏழு வரிகளை ஒரே வாக்கியமாக, இலக்கண வழு இன்றி எழுதிப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தனுப்பினோம். ஒரு சிறுமியின் விண்ணப்பம் மட்டும் வரவில்லை. புத்தாண்டு பிறந்து, பாடசாலைகள் தொடங்கிய பின், அவள் தம்பியை இடுப்பிலே சுமந்து லயத்து வாசலில் நிற்கக் கண்டோம். தாயை வினவினோம். “கடுதாசிய சாமிப் படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிருக்கேங்க சேர். அதுல என்ன இருக்குன்னுதான் யாரும் சொல்லலீங்க” என்றார் அவர்.

அடுத்த தவணையில் அச்சிறுமிக்கு இடம் கிடைத்தது. இழந்த மாதங்கள் திரும்பவில்லை. அக்கடிதத்தைத் தெய்வத்தின் அருகில் வைத்த தாய்க்கா அக்கறையில்லை? குற்றம் எம்முடையதே.

அன்றுதொட்டு நாம் கற்றவை நான்கு. முதலாவது காலம். வேலைநாளில் முற்பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அரைப் பேர்தான் விழும். நாட்கூலியிற் பாதி போய்விடும். ஞாயிற்றுக்கிழமையே தக்க நாள். இரண்டாவது இடம். பிரட்டுக்களமும் மாரியம்மன் கோயில் முன்றிலும் மக்கள் தாமாகவே கூடும் இடங்கள். செய்தி அங்கே செல்ல வேண்டும். மூன்றாவது மொழி. அறிவித்தல் மூன்று சிறு வாக்கியங்களுக்கு மேற்படலாகாது. என்ன, எப்போது, எதைக் கொண்டுவருவது என்பன போதும். அதை வாய்விட்டுப் படித்தும் காட்டல் வேண்டும். நான்காவது மறுமொழி. சங்கப் பணத்தின் வரவு செலவை யாவரும் கேட்கப் படித்து, “உங்கள் குறை யாது?” என்று வினவிக் காத்திருத்தல் வேண்டும்.

காத்திருந்ததன் பயனையும் கண்டோம். கோயில் முன்றிலில் நடந்த கூட்டமொன்றில் கீழ்ப்பிரிவுத் தாய் ஒருவர் தயங்கியபடியே எழுந்து, மழைக்காலத்திலே ஓடை பெருகுவதாற் சிறுவரை அனுப்ப அஞ்சுகின்றோம் என்றார். ஆடி மாதந்தோறும் இடாப்பிலே ‘வரவில்லை’ என்று குறித்துவந்த எமக்கு அதன் காரணம் அன்றுதான் விளங்கிற்று. பெற்றோரே மரமும் பலகையும் கொண்டு நடைபாலம் அமைத்தனர். நாம் மட்டுமே பேசிய கூட்டங்களில் இவ்வுண்மை ஒருநாளும் வெளிப்பட்டிருக்காது.

இக்காலத்தில் கைத்தொலைபேசி இருக்கின்றதே என்பார் உளர். அதுவும் நற்கருவியே. ஆயினும், 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மேடேறிய பிள்ளைகளை மலையகம் கண்டது. தந்தை கொழும்பிலும் தாய் வெளிநாட்டிலும் உழைக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் பலர். ‘வாட்ஸ்அப்’ செய்தி தந்தையைச் சேரும். பாட்டியை யார் சேர்வது?

பழைய மாணவ அன்பர்களே! கட்டடமும் கணினியும் வழங்கும் உங்கள் கொடைக்கு வணக்கம். அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு ஞாயிறேனும் உங்கள் ஊர்ப் பாடசாலைச் சங்கக் கூட்டத்தில் வந்து அமருங்கள். கற்றவர் அருகிருந்தால், எழுந்து பேசத் தயங்கும் தாய்க்கும் துணிவு பிறக்கும். மாணவச் செல்வங்களே! பாடசாலைக் கடிதத்தை வீட்டாரிடம் கொடுப்பதோடு நில்லாது, படித்துப் பொருளும் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களே! நாம் எழுதியதை அவர்கள் பெற்றார்களா என்பதன்று கேள்வி. விளங்கிக்கொண்டார்களா என்பதே கேள்வி.

பேசும் பாடசாலையும் கேட்கும் பாடசாலையும் ஒன்றாகுக! கல்லூரி அன்னை நீடு வாழ்க!