உங்களுக்குத் தெரியுமா? வீட்டைக் கொளுத்துவது தீப்பொறி!

காட்டுத்தீயில் எரியும் வீடுகளில் பெரும்பாலானவை பறந்து வரும் தீப்பொறிகளாலேயே பற்றிக்கொள்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அவை வரும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைத் தீ அழித்தது. அந்தத் தீயில் 85 பேர் மாண்டார்கள். ஆனால் சாம்பலான வீடுகளை ஒட்டியே பல மரங்கள் பச்சையாக நின்றன! கூரையோரத்துச் சருகும் சுவரோரத்து விறகுமே ஒரு பொறிக்குப் போதும். வீட்டையும் அதைச் சுற்றி 30 மீட்டரையும் கவனித்தாலே பெரும்பாலும் தப்பலாம் என்பது அமெரிக்க வனத்துறை விஞ்ஞானியாக இருந்த ஜாக் கோஹெனின் ஆய்வு முடிவு. அதிலும் சுவரையொட்டிய முதல் 5 அடிதான் உயிர்நாடி: அங்கே செடி, புதர் வேண்டவே வேண்டாம், சரளைக்கல் பரப்புங்கள். பரணின் காற்றுத் துளைகளுக்கு 3 மி.மீ. உலோக வலை அடியுங்கள். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமான தெருவில் எரியும் வீடே அடுத்த வீட்டைப் பற்றவைக்கிறது.