கப்பலேறி நீலகிரிக்கு வந்த பாட்டு

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்கள் நாலு பேர் கூடிப் பழைய பாட்டுக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சினிமாவோடு நிற்பதில்லை. கிட்டாரும் டிரம்மும் முழங்க, ஆட்டம் போடவைக்கும் ஒரு தனி ரகப் பாட்டுக்குப் போய்விடும். அதுதான் இலங்கையின் பாப் பாட்டு! ஊட்டிக் குளிரில் அந்தப் பாட்டுக்கு என்ன வேலை?

அதற்கு ஒரு சோகக் கதை உண்டு.

இலங்கையின் மலைநாட்டைத் தேயிலைக் காடாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30-ந் தேதி பிரதமர்கள் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதிப் பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அரிசி மூட்டையைப் பங்கிடுவதுபோல மனிதர்களைப் பங்கிட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இக்கரை, தம்பி அக்கரை என்று ஆனதும் உண்டு.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களில் பலர் நீலகிரிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-ல் தமிழ்நாடு வனத்துறை தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-ல் அது அரசுக் கம்பெனியாயிற்று. இன்றைய 'டான்டீ' அதுவே.

தப்பும் ரேடியோவும்

அவர்கள் பார்த்த முதல் கச்சேரி லயத்து வாசலிலேயே நடந்தது. விடியுமுன் 'பிரட்டு'க்கு ஆள் கூப்பிட அடிக்கும் தப்பு, மாசி மாதம் வந்தால் காமன் கூத்துக்கு முழங்கும். ரதி மன்மதன் கதையை இரவு முழுதும் கண்விழித்துப் பார்த்துவிட்டு, காலையில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்கள் அவர்கள்.

பிறகு வந்தது ரேடியோ. இரண்டாம் உலக யுத்தத்தில் மவுண்ட்பேட்டனின் படைகளுக்காகக் கொழும்பில் அமைத்த பலமான ஒலிபரப்பு நிலையம், 1949-ல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1952-ல் மந்திரியான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார். நம்மவர்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள்! மயில்வாகனன், பிறகு கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டில் வீட்டு மனிதர்களின் குரலாகிவிட்டன. விவித பாரதி 1957-ல் வந்த பிறகும் அந்த மோகம் குறையவில்லை.

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. கப்பலேறி வந்தவர்களுக்கோ அது ஊர்க்குரல். நேயர் விருப்பத்தில் பெயரும் ஊரும் வாசிக்கும்போது, நுவரெலியா என்றோ ஹட்டன் என்றோ ஒரு சொல் காதில் விழுந்தால் போதும்.

மனோகரனின் பாட்டு

அந்த ரேடியோவில்தான் தமிழ்ப் பாப் பாட்டும் புகழ் பெற்றது. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியில் வளர்ந்த 'பைலா' ஆட்டப்பாட்டு, மேல்நாட்டு ராக் இசையின் கிட்டாரோடு சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று கிண்டலாகப் பாடினார். ஏ. ஈ. மனோகரனோ மேடையில் ஆடிப்பாடி 'பாப் இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமே பெற்றார். இலங்கையைத் தாய்நாடு என்று போற்றும் பாட்டு ஒன்றும் அவர் பாடியதுண்டு. எந்த நாடு உன் பிள்ளை நானில்லை என்று அனுப்பிவிட்டதோ, அந்த நாட்டைப் புகழும் பாட்டுக்குத் தோட்டத்து ஜனங்களும் தாளம் போட்டிருக்கிறார்கள். இலங்கையில் அவர்களை 'இந்தியத் தமிழர்' என்றார்கள். நீலகிரிக்கு வந்தால் 'சிலோன்காரர்' என்றார்கள். பாட்டு மட்டும் எந்தச் சீட்டும் கேட்கவில்லை.

மனோகரனும் தமிழ்நாட்டுக்கு வந்தார். இங்கே அவருக்குப் பெயரே 'சிலோன் மனோகர்' ஆயிற்று! சினிமாவில் வில்லனாக அடிபட்டவரும் அவரே. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய 'சுராங்கனி', இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் மூலம் 1977-ல் பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

கல்லூரி மாணவர்கள் ஊட்டிக்கு உல்லாசப் பயணம் வரும்போது பஸ்ஸில் கைதட்டிப் பாடும் பாட்டுக்களில் இன்றும் அதற்கு இடமுண்டு. பாதிப் பாட்டு சிங்களம். பாடுகிற பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. பஸ் கடந்துபோகும் தேயிலைச் சரிவில், லைன் வீட்டு வாசலில் வெயில் காயும் கிழவர் சிலருக்கு அது வார்த்தைக்கு வார்த்தை புரியும்.