சிம் அட்டை யாருடைய பெயரில்? குடாநாட்டுப் பயணிகளின் இணைய உரிமையும் இடரும்

படுக்கையும் சமையலறையும் பொருத்திய கரவன் வண்டியில் ஊர்சுற்றும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேரூன்றவில்லை. அதன் இடத்தை இங்கே நிரப்புவது, யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வரும் புலம்பெயர் குடும்பங்கள் சாரதியோடு சேர்த்து வாரக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தும் ஹயஸ் வான் ஆகும். நல்லூர், கீரிமலை, வல்லிபுரம், நயினாதீவு என்று விடியற்காலை தொடங்கி இரவு வரை ஓடும் அந்த வண்டிக்குள்ளேயே சாப்பாடும் உறக்கமும், சிலருக்கு வெளிநாட்டு அலுவலக வேலையும் நடந்துவிடுவதால், வழி பார்க்கவும் வங்கிக் கணக்கைக் கையாளவும் அவசரத்தில் உதவி கோரவும் இணைய இணைப்பு இன்றியமையாததாகிவிட்டது. இணைப்பின் வேகத்தை அலைபரப்புக் கோபுரங்கள் தீர்மானிக்கின்றன என்றாலும், அந்த இணைப்பால் ஒரு சிக்கல் நேரும்போது யார் பொறுப்பாவார், யாருக்குப் பரிகாரம் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சிம் அட்டை யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்பதே.

இலங்கையில் சிம் அட்டையைத் தேசிய அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டிப் பதிவு செய்தே பெற வேண்டும். ஆயினும் ஊருக்கு வருபவருக்கு மாமாவோ சித்தியோ வீட்டில் கிடக்கும் மேலதிக சிம்மைக் கொடுத்து, றீலோட் செய்து பாவிக்கச் சொல்வதும், சில வேளைகளில் வான் சாரதியே தம் பெயரிலுள்ள ஒன்றைத் தருவதும் அன்பின் பாற்பட்ட வழக்கங்களாக நீடிக்கின்றன. அந்த அன்பு இரு தரப்பையும் இடரில் தள்ளக்கூடும். அந்த இலக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட செய்தி குறித்து விசாரணை எழுந்தால் பொலிஸார் முதலில் தேடிச் செல்வது பதிவுப் பெயருக்குரியவரின் வீட்டுக்கே. மறுபுறம், காரணமின்றிப் பணம் கழிக்கப்பட்டாலோ இலக்கம் முடக்கப்பட்டாலோ முறைப்பாடு செய்யும் தகுதி பாவித்தவருக்கு அன்றிப் பதிவுதாரருக்கே உண்டு. எனவே வருபவர் தம் கடவுச்சீட்டில் தாமே ஒரு சிம்மை வாங்குவதும், கைபேசியில் #132# என்று அழுத்திப் பதிவு விவரத்தைச் சரிபார்ப்பதும் முதற்கடமைகள் எனலாம். திரும்பிச் செல்லுமுன் அந்த இலக்கத்தோடு இணைத்த வாட்ஸ்அப், வங்கிக் கணக்குகளைப் பிரித்துவிடுவதும் அவசியமாகும். ஏனெனில் நெடுநாள் பாவிக்கப்படாத இலக்கம் மீளப் பெறப்பட்டு வேறொருவருக்கு விற்கப்படும்போது, ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண், அந்தப் புதியவரின் கைக்குச் செல்லும்.

வெளிநாட்டு சிம்மை அகற்றாமல் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய இடர் ரோமிங் ஆகும். சொந்த நாட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்துகொண்டே பிறநாட்டு வலையமைப்பைப் பாவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தும் ஏற்பாட்டையே அச்சொல் குறிக்கிறது. வங்கியின் குறுஞ்செய்திகளைப் பெறும் பொருட்டு அந்த சிம்மை இயக்கத்தில் வைத்து, அதன் டேட்டாவை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளூர் சிம்மை இணையத்துக்குப் பாவிப்பதே தக்க வழி. கரையோரங்களில் இதற்கு மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: நிலத்தில் கட்டடங்களும் மரங்களும் மறிக்கும் வானொலி அலை, கடற்பரப்பின்மேல் நெடுந்தூரம் செல்லும், பழைய இரண்டாம் தலைமுறை முறையில் ஒரு கோபுரத்தின் எல்லை ஏறத்தாழ 35 கிலோமீற்றராக வரையறுக்கப்பட்டிருந்தது என்றால், நான்காம் தலைமுறை முறை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வரை இடமளிக்கிறது. ஆகவே நெடுந்தீவின் மேற்குக் கரையிலோ, காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பலிலோ செல்பவரின் கைபேசி, வலையமைப்பைத் தானே தெரிவுசெய்யும் நிலையில் விடப்பட்டிருந்தால், அக்கரை வலையமைப்பைப் பற்றிக்கொண்டு ரோமிங் கட்டணத்தைக் கூட்டிவிடும் வாய்ப்பு உண்டு. தெரிவைக் கையால் செய்யும் நிலைக்கு மாற்றிவைத்தால் இதனைத் தவிர்க்கலாம்.

கருவி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணை *#06# என்று அழுத்திப் பார்க்கலாம். அந்த எண் பதிவு செய்யப்படாத புதிய கைபேசிகள் உள்ளூர் வலையமைப்புகளில் இயங்குவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. ஆகையால் உறவினருக்குப் பரிசாகக் கொண்டுவரும் கைபேசியின் நிலையை முன்கூட்டியே விசாரித்தல் நன்று. வண்டியின் கூரையில் பொருத்தும் செய்மதித் தட்டைக் கொண்டுவர எண்ணுவோருக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்: ஸ்டார்லிங்க் 2024 ஓகஸ்டில் உரிமம் பெற்று 2025 யூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியிருப்பினும், அலைக்கற்றையைப் பாவிக்கும் கருவிகளை, சிக்னலைப் பெருக்கும் கருவிகள் உட்பட, அனுமதியின்றிக் கொண்டுவருவதையும் இயக்குவதையும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

குடாநாடு மலையற்ற சமதரையாதலால் பிரதான வீதிகளில் இணைப்பு பொதுவாகத் தடைப்படுவதில்லை. வண்டியின் இரும்புக் கூரையும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடித் தாளுமே பெரும்பாலும் அலையை மழுக்குகின்றன. நல்லூர்த் தேரன்று நிலைமை வேறு. ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அங்குள்ள அனைவருக்கும் பங்கிடப்படுவதால், சிக்னல் கோடுகள் நிறைந்து தெரிந்தாலும் டேட்டா நகராது. தீவகப் பயணத்தில் சிக்கல் இன்னொரு வகையினது: பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்ததும் வான் அங்கேயே நிறுத்தப்பட்டு, ஆட்கள் மட்டும் நெடுந்தீவுப் படகில் ஏறுகின்றனர், வண்டியின் சார்ஜ் முனையில் இயங்கிய ரவுட்டரும் அத்தோடு கரையில் நின்றுவிடுவதால், ஒரு பகல் முழுவதற்கும் கைபேசியின் பற்றரியே துணையாகிறது. வரைபடத்தை முன்னரே தரவிறக்கி வைத்தல், பவர் பாங்க் கொண்டுசெல்லுதல், 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தையும் 119 என்ற பொலிஸ் இலக்கத்தையும் இணையமின்றியே அழைக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் ஆகியவை இங்கே உயிர்காக்கும் ஏற்பாடுகளாகும்.

இணைப்பு அறுவது எப்போதும் கோபுரத்தின் குறைபாடன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் அரசு சமூக ஊடகங்களை நாடு முழுவதும் முடக்கியது. இறுதியாகக் கூறப்பட்ட தடையின் சட்ட அடிப்படையை இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு கேள்விக்குட்படுத்தியது, தடையும் அன்றே நீக்கப்பட்டது. இதனினும் வடக்கில் மிகுதியாக உணரப்படும் ஆபத்து, பகிர்ந்த பதிவுக்காகக் கைது செய்யப்படுவதாகும். 2024 நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டிச் சமூக ஊடகங்களில் இட்ட பதிவுகளுக்காகச் சிலர் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்கியுள்ளதோடு, இலங்கைக்கு வெளியே இருப்போரின் செயல்களையும் குறிப்பிட்ட நிலைமைகளில் உள்ளடக்குகிறது. நினைவுகூரலையும் துக்கத்தையும் குற்றமாக நோக்க இடமளிக்கும் சட்டம் ஒரு சமூகத்தின் மனத்தை எவ்வளவு நசுக்குகிறது என்பது தனியே எழுதப்பட வேண்டிய பொருள். அச்சட்டம் நடைமுறையில் இருக்கும்வரை, பிறர் பெயரிலுள்ள சிம்மில் அத்தகைய பதிவைப் பகிர்வது அந்தப் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவதாகவே முடியும்.

கட்டணம், சேவைக் குறைபாடு, அனுமதியற்ற கழிப்பு ஆகியவை பற்றிய முறைப்பாட்டை முதலில் சேவை வழங்குநரிடம் எழுத்தில் சமர்ப்பித்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொண்டு, தீர்வு கிடைக்காதவிடத்து 1900 என்ற இலக்கத்தின் ஊடாக ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நாடலாம். கணக்குத் திருட்டு, போலிப் பக்கம் போன்ற இணைய மோசடிகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் உண்டு. கடைகளில் கொடுக்கும் கடவுச்சீட்டுப் பிரதியில், எந்தச் சேவைக்காக, எந்தத் திகதியில் வழங்கப்பட்டது என்று குறுக்கே எழுதிக் கொடுப்பது அதனைப் பிறிதொரு தேவைக்குப் பாவிப்பதைக் கடினமாக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகளை நடைமுறைப்படுத்துவது ஒத்திவைக்கப்பட்டதால், இத்தகைய முன்னெச்சரிக்கையே இதுவரை பெரிதும் கைகொடுத்துள்ளது.

அரசின் செயலால் உரிமை மீறப்படும்போது பரிகாரம் வேறு வழியில் அமைகிறது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரம் குடிமக்களுக்கு மட்டுமே உரியதாதலால், இரட்டைக் குடியுரிமை பெறாத கனேடியத் தமிழர் அதனைக் கோர முடியாது. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவத்தை வழங்கும் 12(1)ஆம் உறுப்புரையும், கைதின் காரணத்தை அறியும் உரிமையை வழங்கும் 13(1)ஆம் உறுப்புரையும் எல்லா ஆட்களுக்கும் பொருந்தும். அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனைப் பாதிக்கப்பட்டவர் தாமே செய்யலாம், அவர் சார்பில் சட்டத்தரணியும் செய்யலாம் என்பதால், விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிட்டவருக்கும் அவ்வழி அடைபடுவதில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில், அதன் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்திலோ 1996 என்ற தொலைபேசி இலக்கத்திலோ, முறைப்பாடு பதிந்தால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது.