பாடலைப் பிரித்துக் கேட்போம்

நாம் ஒரு பாடலைக் கேட்கும்போது குரலும் கருவிகளும் தாளமும் ஒன்றாகக் கலந்தே செவியை அடைகின்றன. அப்பாடல் பிறந்தபோதே அவ்வடிவில் இருந்தது போலத் தோன்றுகிறது. எந்தப் பகுதி முதலில் உருவானது, எந்தக் கருவி பின்னர்ச் சேர்ந்தது, எவை நீக்கப்பட்டன என்பவற்றை முழுமை பெற்ற பாடல் நமக்குச் சொல்வதில்லை. மறைந்துள்ள அக்கதையைப் பாடலை உருவாக்கியவர் வாயிலாகவே கேட்கச் செய்கிறது 'சாங் எக்ஸ்ப்ளோடர்' என்னும் வலையொலி. பாடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுவது என்பதே இப்பெயரின் கருத்து.

வலையொலி

வானொலி நிகழ்ச்சி குறித்த நேரத்தில் ஒலிபரப்பாகும். வலையொலியோ இணையத்தில் பதிவாக இருக்கும்; விரும்பிய நேரத்தில் கேட்கலாம். பேச்சுவழக்கில் இதனைப் பாட்காஸ்ட் என்பர்.

சாங் எக்ஸ்ப்ளோடர் 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இதனை உருவாக்கிய ரிஷிகேஷ் ஹிர்வே, அமெரிக்காவில் குடியேறிய இந்தியப் பெற்றோரின் மகன். தாமும் ஓர் இசைக்கலைஞர். இவ்வலையொலி 2020ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வெளிவந்தது.

தனித்தனித் தடங்கள்

ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்தில் பாடுபவரும் கருவி இசைப்பவரும் ஓரிடத்தில் கூடி ஒரே நேரத்தில் இசைத்தனர். ஒருவர் பிழை செய்தாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பின்னர்ப் பல்தடப் பதிவு முறை வந்தது. இம்முறையில் குரல், கித்தார், டிரம்ஸ் ஆகியவை தனித்தனித் தடங்களில் பதிவாகும். ஒலிப்பொறியாளர் ஒவ்வொரு தடத்தின் ஒலியளவையும் கூட்டியும் குறைத்தும் அனைத்தையும் ஒன்றாகக் கலப்பார். அவ்வாறு கலந்த வடிவமே நாம் கேட்கும் பாடல்.

கலப்பதற்கு முந்தைய தடங்களை ஹிர்வே கலைஞர்களிடமிருந்து பெறுகிறார். கலைஞர் கித்தாரைப் பற்றிப் பேசும்போது கித்தார் மட்டும் ஒலிக்கிறது. குரலைப் பற்றிப் பேசும்போது குரல் மட்டும் ஒலிக்கிறது. ஹிர்வே தம் வினாக்களைத் தொகுப்பின்போது நீக்கிவிடுவதால், கலைஞரே நம்மிடம் நேராகப் பேசுவது போன்ற உணர்வு உண்டாகிறது. இறுதியில் முழுப்பாடலும் ஒலிக்கிறது. முன்பு ஒரே ஒலியாகத் தோன்றிய பாடலில் இப்போது பேஸ் கித்தாரின் நடையும் பின்னணிக் குரலும் தனித்துப் புலப்படுகின்றன.

பயிற்சியில் பிறந்த மெட்டு

2020ஆம் ஆண்டுத் தொடரில் விளக்கப்பட்ட பாடல்களுள் ஒன்று 'லூசிங் மை ரிலிஜன்'. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் தோன்றிய ஆர்.இ.எம். என்னும் ராக் இசைக்குழு 1991இல் வெளியிட்ட பாடல் இது. அக்குழுவின் கித்தார் கலைஞர் பீட்டர் பக், மாண்டலின் ஒன்றை வாங்கி அதனைப் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே பழகியவர், தம் பயிற்சியைப் பதிவும் செய்தார். மறுநாள் அப்பதிவைக் கேட்டபோது, புதிதாகக் கற்பவரின் தடுமாற்றமே அதில் மிகுதியாக இருந்தது. அத்தடுமாற்றங்களின் நடுவே ஒரு மெட்டும் இருந்தது. அதுவே பாடலுக்கு அடிப்படையாயிற்று.

மைக் மில்ஸின் பேஸ் கித்தாரும் பில் பெர்ரியின் டிரம்ஸும் அம்மெட்டுடன் இணைந்தன. மைக்கேல் ஸ்டைப் வரிகளை எழுதிப் பாடினார். பாடலின் தலைப்பு, சொல்லுக்குச் சொல் நோக்கினால், சமய நம்பிக்கையை இழத்தல் எனப் பொருள்படும். ஆனால், அமெரிக்காவின் தென்பகுதி வழக்கில் பொறுமையின் எல்லைக்குத் தள்ளப்படுதலை அத்தொடர் குறிக்கும். ஒருவர்மீது கொண்ட அன்பினால் உண்டாகும் தவிப்பே பாடலின் பொருள். ராக் பாடலொன்றில் மாண்டலின் முதன்மை பெறுவது அரிது. ஆயினும் அப்பாடல் உலகெங்கும் புகழ்பெற்று, 1992இல் இரண்டு கிராமி விருதுகளையும் பெற்றது.

நாம் பெறும் பாடம்

மலரைப் பிய்த்தால் அதன் அழகு கெடுவது போலப் பாடலைப் பிரித்தால் அதன் சுவை கெடும் எனச் சிலர் கருதலாம். பிய்த்த மலரை மீண்டும் இணைக்க இயலாது. பிரித்த பாடலோ இறுதியில் முழுமையாக ஒலிக்கிறது. முன்னினும் மிகுந்த சுவையையும் தருகிறது.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. பிறருடைய நிறைவுற்ற படைப்பையும் நம்முடைய முதல் முயற்சியையும் அருகருகே வைத்து, 'இது நமக்கு வராது' என்று கைவிட்டுவிடுகிறோம். புகழ்பெற்ற பாடலின் பின்னாலும் தடுமாற்றங்கள் நிறைந்த ஒரு பதிவு இருந்தது. பீட்டர் பக் அதனை மீண்டும் கேளாமல் அழித்திருந்தால், அம்மெட்டு அன்றே மறைந்திருக்கும். கட்டுரை எழுதுவோர்க்கும் ஓவியம் வரைவோர்க்கும் இது பொருந்தும். முதல் வரைவைக் கிழித்தெறியும் முன் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். போற்றத்தக்க ஒரு வரி அதில் இருக்கக்கூடும்.

செய்து பார்ப்போம்

உங்களுக்கு விருப்பமான பாடல் ஒன்றை மூன்று முறை கேளுங்கள். முதன்முறை தாளத்தையும், இரண்டாம் முறை பிற கருவிகளையும், மூன்றாம் முறை குரலையும் மட்டும் கவனியுங்கள். முன்பு நீங்கள் கவனியாதிருந்த ஒலிகள் எவை? அவை அப்பாடலுக்கு எவ்வாறு துணை செய்கின்றன? பத்து வரிகளில் எழுதுக.