மான் தடத்தை மறக்க வேண்டிய குட்டி

மோப்பத் தடம் – 9

ஜூலை முதல் தேதி. இன்னும் முழுதாக விடியவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடக்குக் காட்டின் மண்சாலை ஒன்றில் ஒரு பிக்கப் வண்டி ஆமை வேகத்தில் ஊர்கிறது. வண்டியின் பின்புறம் மரத்தாலான நாய்ப்பெட்டி. உள்ளே நான்கு நாய்கள் கம்பி ஓட்டைகளில் மூக்கை நுழைத்துக்கொண்டு முனகுகின்றன. பெட்டியின் கூரைமேல் ஒரே ஒரு கிழ நாய், சங்கிலியில் கட்டப்பட்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நிற்கிறது.

திடீரென்று அது தலையைத் திருப்பி நீளமாக ஓலமிடுகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், சாலையோர ஈர மணலில் மனிதப் பாதத்தைப் போலவே ஐந்து விரல்களோடு ஒரு தடம். இரவில் அந்தச் சாலையைக் கடந்து போன கருங்கரடியின் பின்னங்கால் அது. ஓடும் வண்டியின் மேலிருந்தே வாடையைப் பிடிக்கும் இந்த வேலைக்கு அங்கே ‘ரிக்கிங்’ என்று பெயர். அதைச் செய்யும் நாய் கூட்டத்தின் மூத்தது. அதற்கு இருக்கும் மரியாதை வண்டி ஓட்டுகிறவருக்குக்கூடக் கிடையாது.

அன்றைக்குக் கரடியைச் சுட அனுமதி இல்லை. விஸ்கான்சினில் வேட்டைப் பருவம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நாய்களைப் பழக்கும் காலம். கரடியைத் துரத்தலாம், மரத்தில் ஏற்றலாம், கொல்லக் கூடாது. ஒரு கூட்டத்தில் ஆறு நாய்களுக்கு மேல் ஓடவும் கூடாது. அதாவது இந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடம். பெட்டிக்குள் எல்லோரையும்விட அதிகமாகக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு வயதுக் குட்டிக்கு இன்றுதான் முதல் வகுப்பு.

ஆனால் குட்டியை உடனே அவிழ்த்துவிட மாட்டார்கள். முதலில் இறங்குவது கிழ நாய்தான். காரணம் எளிது. தடம் கிடைத்துவிட்டால் போதாது, கரடி எந்தப் பக்கம் போனது என்பதும் தெரிய வேண்டும். அனுபவமில்லாத குட்டி உற்சாக மிகுதியில், கரடி வந்த திசையை நோக்கியே ஒரு மைல் ஓடிவிடும். மூத்த நாய் சில அடிகள் போகும், நிற்கும், திரும்பும், வாடை எந்தப் பக்கம் புதிதாக இருக்கிறது என்று ஒப்பிடும். பிறகு ஒரே கோடாகப் புறப்படும். அதன் குரல் ஏறி, இடைவெளி குறைந்து, தடம் சூடாகிவிட்டது என்று தெரிந்த பிறகே பெட்டியின் கதவு குட்டிக்குத் திறக்கிறது.

‘கரடி நாயைப் பழக்குவது’ என்று சொன்னாலும், துரத்துவதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது பிறவியிலேயே வருவது. மனிதன் சொல்லிக் கொடுப்பதெல்லாம் எதைத் துரத்தக் கூடாது என்பதைத்தான்.

மூன்று நான்கு மாதக் குட்டியாக இருக்கும்போது பாடங்கள் சாதாரணமானவை. பேர் சொன்னால் வர வேண்டும். சங்கிலியில் கட்டினால் அடம்பிடிக்காமல் நிற்க வேண்டும். வண்டியில் வாந்தி எடுக்காமல் வர வேண்டும், ஓடையைத் தாண்டப் பயப்படக் கூடாது, வெடிச் சத்தத்துக்கு மிரளக் கூடாது. பிறகு ஒரு கரடித் தோல் துண்டைக் கயிற்றில் கட்டிப் புல்வெளியில் இழுத்துச் சென்று, மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். குட்டி அந்த வாடையைப் பின்பற்றிப் போய் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் குரைத்தால் பாராட்டு. எலும்பும் மூட்டும் உறுதியாகும்வரை நீண்ட ஓட்டம் கிடையாது. அதற்குப் பிறகு வண்டிக்கு முன்னால் மைல் கணக்கில் ஓடவிட்டுப் பாதத்தின் அடித்தோலைக் கெட்டிப்படுத்துவார்கள்.

சிக்கல் மானில் தொடங்குகிறது. வட அமெரிக்கக் காட்டில் கரடியைவிட மான் பல மடங்கு அதிகம். அதன் வாடை எல்லா இடத்திலும் இருக்கும், துரத்தினால் நன்றாக ஓடியும் காட்டும். குட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மான், கயோட்டி, முள்ளம்பன்றி என்று வேண்டாத எதையும் வேட்டைக்காரர்கள் ‘குப்பை’ என்கிறார்கள். குப்பையில் ஓடும் நாய் தான் மட்டும் கெடுவதில்லை, கூடவே ஓடும் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கான கருவி மின்கழுத்துப்பட்டை. கையிலிருக்கும் ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் சுருக்கென்று ஓர் அதிர்ச்சி. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எப்போது அழுத்துவது என்பதில்தான் வேட்டைக்காரரின் தரம் தெரியும். குட்டி மான் பின்னால்தான் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது மண்ணில் குளம்புத் தடத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். வெறும் சந்தேகத்தில் அழுத்தி, அந்த நேரம் அது கரடித் தடத்தில் இருந்திருந்தால் கதை முடிந்தது. கரடி வாடை என்றாலே வலி என்று அதன் தலையில் பதிந்துவிடும். பிறகு கரடித் தடத்தைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பிவிடும். ஒரு பொத்தானில் ஒரு வருட உழைப்பு வீணாகும்.

இனி காதுக்கு வேலை. தடத்தில் ஓடும்போது நாய் எழுப்புவது இழுத்து விடும் ஓலம். கரடி மரமேறிவிட்டால் அது மாறி, கோடரி விழுவதுபோல வெட்டி வெட்டிக் குரைக்கும். முந்தைய தலைமுறை மலைமுகட்டில் நின்று இதைக் கேட்டே, எந்த நாய் முன்னால் போகிறது, எது பின்தங்கிவிட்டது என்று சொல்லிவிடும். இன்று கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கிறது. கார்மின் நிறுவனத்தின் கைக்கருவி ஒன்றில் 20 நாய்கள்வரை ஒரே திரையில் தெரியும். நிலப்பரப்பு ஒத்துழைத்தால் 9 மைல் தூரம்வரை எட்டும், இரண்டரை நொடிக்கு ஒருமுறை இடம் புதுப்பிக்கப்படும். நாய் மரத்தடியில் நின்றுவிட்டால் அதற்கென்று தனிக் குறியும் வரும். இருந்தும் பழைய கைகள் திரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே காதைக் காட்டுப் பக்கம்தான் வைத்திருக்கின்றன.

இந்த வேலைக்கென்றே உருவான நாயினம் ‘பிளாட்’. கருப்பும் பழுப்பும் கலந்த புலிவரி உடல், இறுகிய தசை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிய இளைஞர் ஒருவர் ஐந்து வேட்டைநாய்களோடு வட கரோலினா வந்து சேர்ந்தார் என்பது குடும்ப வரலாறு. அவர் பெயர் யோஹானஸ் பிளாட். அவருடைய மகன் ஹென்றி மலைப்பகுதியான ஹேவுட் வட்டத்தில் குடியேறினார். அங்குள்ள மலைத்தொடர் இன்றும் ‘பிளாட் பால்சம்ஸ்’ என்றே அழைக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் காப்பாற்றி வந்த இந்த நாயை 1989-இல் வட கரோலினா தன் மாநில நாயாக அறிவித்தது.

பிளாட் நாயிடம் எல்லோரும் புகழ்வது அதன் துணிச்சலை. ஆனால் வளர்ப்பவர்கள் பயப்படுவதும் அதற்குத்தான். கருங்கரடி பெரும்பாலும் மரமேறும். உடல் பெருத்த ஆண் கரடிக்கு அந்த அவசரம் இல்லை. ரோடோடெண்ட்ரான் புதருக்குள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, நெருங்குவதை அறையும். 1998-இல் வட கரோலினாவின் க்ரேவன் வட்டத்தில் வீழ்த்தப்பட்ட ஒரு கரடி 880 பவுண்டு, அதாவது சுமார் 400 கிலோ. முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும் நாய் அதன்முன் எம்மாத்திரம்? நல்ல நாய் கரடியின் கை எட்டும் தூரத்துக்கு ஓர் அடி வெளியே நின்று குரைக்கும், கரடி திரும்பினால் பின்னங்காலைக் கவ்வி விட்டுவிடும். அந்த ஓர் அடியை எந்த எஜமானும் கற்றுத்தர முடியாது. மூத்த நாய்களைப் பார்த்துக் கற்கலாம், இல்லையென்றால் கரடியிடமே கற்க வேண்டும். அதனால்தான் வேட்டைக்காரரின் பையில் தோலைத் தைக்கும் ஸ்டேப்ளர் தவறாமல் இருக்கிறது.

நாய் அந்தத் தூரத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு, உலகமே அறிந்த ஒரு பொம்மை சாட்சி. 1902 நவம்பரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்கு வந்தார். வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து கரடி வேட்டையில் பெயரெடுத்த கறுப்பினத்தவர். அவருடைய நாய்கள் கரடியைத் துரத்திக்கொண்டு வந்து வளைத்தபோது அதிபர் மதிய உணவுக்குப் போயிருந்தார். கரடி ஒரு நாயைப் பிடித்துவிட்டது. அதிபருக்காகக் கரடியை உயிரோடு வைத்திருக்க வேண்டும், நாயையும் விட முடியாது. காலியர் துப்பாக்கியின் பின்கட்டையால் கரடியின் மண்டையில் அடித்து, கயிறு வீசி மரத்தில் கட்டினார். திரும்பி வந்த ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட விலங்கைச் சுட மறுத்தார். காயப்பட்ட கரடியைக் கத்தியால் முடித்துவைத்தார்கள். அதிபர் சுட மறுத்த காட்சியை க்ளிஃபோர்ட் பெரிமேன் கார்ட்டூனாக வரைந்தார், அதிலிருந்து ‘டெடி பேர்’ பிறந்தது. கடிபட்ட நாய் கார்ட்டூனில் இல்லை.

நாய்களுக்குக் கரடி மட்டும் எதிரி இல்லை. விஸ்கான்சினில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஓநாய்கள் தம் குட்டிகளை ஓரிடத்தில் வைத்துக் காக்கும். தடத்தில் கண்மூடி ஓடும் வேட்டைநாய் அந்த எல்லைக்குள் நுழைந்தால் திரும்புவது அரிது. 2016-இல் இப்படி இறந்த நாய்களின் எண்ணிக்கை 40-ஐ எட்டியது. நாய் ஒன்றுக்கு 2,500 டாலர்வரை மாநில அரசு இழப்பீடு தருகிறது. ஓநாய் இருக்கும் இடமென்று தெரிந்தே நாயை விடுகிறவருக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்று அங்கே ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது.

வேட்டைமீதே கேள்வி எழுந்து நெடுநாளாகிறது. கரடியை நாய்விட்டுத் துரத்துவதை கொலராடோ 1992-இலும் ஒரிகன் 1994-இலும் வாஷிங்டன், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் 1996-இலும் மக்கள் வாக்கெடுப்பில் தடுத்தன. 2012-இல் கலிஃபோர்னியா சட்டமே இயற்றியது. மெய்ன் மாநிலத்தில் 2004, 2014 என இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்து இரண்டு முறையும் தடை தோற்றது. நாய்க்கு வேலி தெரியாது என்பதால் நில உரிமையாளர்களின் கோபமும் சேர்கிறது. வர்ஜீனியாவில் அதற்கென்றே சட்டம் உண்டு: துரத்தல் வேறிடத்தில் தொடங்கியிருந்தால், தன் நாயை மீட்க வேட்டைக்காரர் பிறர் நிலத்துக்குள் போகலாம், ஆயுதம் மட்டும் கையில் இருக்கக் கூடாது.

விஸ்கான்சின் காட்டில் இப்போது வெயில் ஏறிவிட்டது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு குரல்கள் ஒரே இடத்தில் நின்று வெட்டத் தொடங்குகின்றன. மனிதர்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது, பைன் மரத்தின் கிளைப் பிரிவில் கரடி உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்குகிறது. கிழ நாய் மரத்தில் முன்னங்கால்களை ஊன்றி அளந்து குரைக்கிறது. குட்டி பக்கத்து மரத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிச் சரியான மரத்தடியில் நிறுத்தி, முகத்தை மேலே திருப்பிக் காட்டுகிறார். அது கரடியைப் பார்க்கிறது. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு உடம்பெல்லாம் குலுங்கக் குரைக்கிறது.

பத்து நிமிடத்தில் எல்லா நாய்களுக்கும் சங்கிலி மாட்டியாகிவிட்டது. குட்டியை இழுத்துப் போவதுதான் பெரும்பாடு, நான்கு அடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அவர்கள் சாலையை அடைந்த நேரத்துக்கு, பின்னால் பட்டை உரசும் சத்தம் கேட்கிறது. கரடி இறங்குகிறது.

(அடுத்த வாரம்: கரடியைக் கொல்லாமல் ஊரைவிட்டு விரட்டப் பழக்கப்பட்ட கரேலிய நாய்கள், மொன்டானாவிலிருந்து ஜப்பானின் கருய்சாவா வரை.)